டோக்கன் வராத பெண்

போன மாதம் ஷர்மிளா தொலைபேசியில் கூப்பிட்டாள். மகள் பிறந்து நான் வேலையை விட்டபோது என் வகுப்புகளை ஏற்றுக்கொண்ட ஆங்கில ஆசிரியை அவள். நிர்வாகத்தினர் முன்னால் மாதிரி வகுப்பு ஒன்று எடுக்க வேண்டியிருந்ததாம்.

“மிஸ், ‘ஸ்காட் ஃப்ரீ’ன்னு ஒரு மரபுத்தொடர் வருதுல்ல, தண்டனை இல்லாம தப்பிக்கிறது. அதுக்கு நீங்க என்ன எக்ஸாம்பிள் குடுப்பீங்க? பசங்க எல்லாரும் திருடன், போலீஸ், கோர்ட்டுன்னே எழுதறாங்க. எனக்கே சலிச்சுப்போச்சு.”

இடுப்பில் மகள், அடுப்பில் பால். அப்புறம் கூப்பிடுகிறேன் என்றேன்.

“சரி மிஸ். ஒரு நல்ல விஷயம் சொல்லிடறேன். டோக்கனை எடுத்துட்டாங்க. இந்த வருஷத்துல இருந்து கிடையாது. இங்கிலீஷ்ல பேசினா சார்ட்ல ஸ்டார் ஒட்டறோம்.”

பால் பொங்கி வழிந்தது. அன்றைக்கு நாள் முழுக்க அந்த டோக்கன் நினைவாகவே இருந்தேன். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். ஏன் அப்படி ஆகவில்லை என்று யோசித்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முப்பது, முப்பத்தைந்து வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர்கள். எனக்கு வயதே முப்பத்திரண்டுதான். பிள்ளைக்காக வேலையை விட்டவளை ஓய்வு பெற்றவள் என்று சொல்லலாமா, தெரியவில்லை. ஆனால் இனி திரும்பிப் போகப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முடிந்துபோன வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்ற அளவில் இதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தில் பி.ஏ., அதற்குப் பிறகு பி.எட். வகுப்பு நேரத்தை எப்படிப் பிரிப்பது, கரும்பலகையை எங்கிருந்து துடைப்பது, பின்வரிசையைக் கண்ணால் எப்படிக் கட்டுப்படுத்துவது, எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். பேசாத பிள்ளையை என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை. சொல்லியிருந்து நான்தான் கவனிக்காமல் இருந்தேனோ என்னவோ.

வேலை கிடைத்தது கிழக்குத் தாம்பரம் பக்கம் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில். சுற்றிலும் வயல்கள் மனைகளாகிக்கொண்டிருந்த காலம். நிலத்தை விற்றவர்களும் அதில் வீடு கட்டியவர்களும் பிள்ளைகளை ஒரே பள்ளிக்குத்தான் அனுப்பினார்கள். அவர்கள் எல்லோரும் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: பிள்ளை இங்கிலீஷ் பேச வேண்டும்.

அதற்காகத்தான் டோக்கன். சீட்டுக்கட்டுச் சீட்டின் அளவில் ஒரு பலகைத்துண்டு. மஞ்சள் வண்ணம் பூசி, மேலே ஒரு ஓட்டை போட்டு, அதில் நாடா கோத்திருக்கும். அதில் எழுத்து எதுவும் கிடையாது. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒன்று. காலையில் வகுப்புத் தலைவியிடம் இருக்கும். யார் முதலில் தமிழில் பேசுகிறார்களோ அவர்கள் கழுத்துக்குப் போகும். அவர்கள் வேறு யாராவது தமிழில் பேசுவதைக் கேட்டால் கழற்றி அவர்களுக்கு மாட்டிவிடலாம். இப்படி நாள் முழுக்கக் கைமாறி, கடைசி மணி அடிக்கும்போது யாரிடம் நிற்கிறதோ அவர் மறுநாள் காலைப் பிரார்த்தனையில் மேடையேறி, அதை உயர்த்திப் பிடித்து, இனி ஆங்கிலத்தில் பேசுவேன் என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அடி கிடையாது, அபராதம் கிடையாது. எவ்வளவு நாகரிகமான தண்டனை என்று முதலில் நானே வியந்தேன்.

பிள்ளைகள் அதை ஒரு கலையாக வளர்த்திருந்தார்கள். மணி அடிக்கும் நேரம் நெருங்கினால் டோக்கன் வைத்திருப்பவன் பக்கத்துப் பையனின் காலை மிதிப்பான். அவன் “ஐயோ!” என்றால் டோக்கன் அவனுக்கு. “ஆ!” என்று கத்தினால் செல்லாது, “ஆ” எல்லா மொழிக்கும் பொது. “அம்மா!” என்றால் என்ன செய்வது என்பது பெரிய வழக்கு. அதை என்னிடம் கொண்டுவருவார்கள். நானும் தீர்ப்புச் சொல்வேன்.

பள்ளி வேன்களிலும் ஒவ்வொரு டோக்கன் உண்டு. பெரிய வகுப்புப் பெண் ஒருத்தி பொறுப்பில் இருக்கும். கடைசிப் பிள்ளை இறங்கும்வரை விதி நடப்பில் இருக்கும்.

தலைமை ஆசிரியை நூர்ஜஹான் மேடம். பல்லாவரத்தில் தோல் வியாபாரக் குடும்பம், அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண். குரலை உயர்த்தி ஒருநாளும் நான் கேட்டதில்லை. தண்டனை கொடுக்கும்போதுகூட முதலில் ‘ப்ளீஸ்’ என்பார். பேசிக்கொண்டே எதிரில் நிற்கும் பிள்ளையின் காலரைச் சரிசெய்வார், டையை நேராக்குவார். மதியம் எல்லா ஆசிரியைகளும் சாப்பிட்டு முடித்தார்களா என்று பார்த்துவிட்டுத்தான் தன் டிபன் பாக்ஸைத் திறப்பார். என் பாடத்திட்டத்தை வாங்கி உதடு அசைய மெல்லப் படித்துப் பார்த்துவிட்டு, “இந்த இடத்துல உனக்கே மூச்சு வாங்குதும்மா, பசங்களுக்கு வாங்காதா?” என்று ஒரு வாக்கியத்தைச் சுட்டுவார். சரியாகத்தான் இருக்கும்.

அவர் டோக்கனை மனதார நம்பினார். ஒருமுறை சொன்னார்: “காலேஜ்ல முதல் நாள் ஒரு கேள்வி கேட்டேன். தப்பா கேட்டுட்டேன். கிளாஸே சிரிச்சுது. அப்புறம் மூணு வருஷம் நான் கேள்வியே கேக்கல. அந்தச் சிரிப்பு என் பிள்ளைங்க யாருக்கும் வேணாம்மா. இங்க அவமானப்படட்டும், வெளியில படவேணாம்.” அவர் கண்ணில் பொய் இல்லை. அதனால்தான் இதை எழுதுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கொடுமைக்காரர் ஒருவரைப் பற்றி எழுதுவது சுலபம்.

காவ்யா ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தாள். ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு மாவு மில். சேர்க்கைக்கு அழைத்து வந்த அம்மா செல்வராணியின் புருவத்தில்கூட மாவு ஒட்டியிருந்தது.

“நாங்க மாவோட மாவா பூட்டோம் மிஸ். இதுவாச்சும் நாலு பேரு முன்னாடி இங்கிலீஷ் பேசணும். பேசலைன்னா ரெண்டு வைங்க. ஏன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டேன்.”

“அதெல்லாம் அடிக்க மாட்டோம்மா.”

“அடிங்க மிஸ், பரவால்ல. எனக்குச் செலவு மிச்சம்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். காவ்யாவும் வெட்கமில்லாமல் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

முதல் வாரங்களில் அவள் வாய் மூடவே மூடாது. “மிஸ் மிஸ், நேத்து எங்க மில்லுல பெல்ட்டு அறுந்து எங்கப்பா மூஞ்சிக்கு நேரா பறந்துச்சி மிஸ்!” என்று கண்கள் விரியச் சொல்லி முடிப்பதற்குள் கழுத்தில் நாடா விழுந்திருக்கும். அடிக்கடி அவள்தான் மேடையில் நின்றாள். ஒருநாள் சொல்ல வேண்டிய வாக்கியம் பாதியில் மறந்துபோய், மைக் முன்னால் வாயைத் திறந்தபடி நின்றாள். பள்ளியே சிரித்தது. மேடம் கையை உயர்த்தி அமைதிப்படுத்தி, அவள் காலரைச் சரிசெய்து, அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்து அனுப்பினார்.

அதற்குப் பிறகு காவ்யாவுக்கு டோக்கன் வரவேயில்லை.

நான் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கவனித்து மகிழ்ந்தேன். எழுத்துவேலை எல்லாம் சரியாக இருந்தது. கேட்டால் “எஸ் மிஸ்”, “நோ மிஸ்”. கூட்டமான வகுப்பில் சத்தம் போடாத ஒரு பிள்ளை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது ஆசிரியைகளுக்குத் தெரியும். மேடமிடம் சொன்னபோது அவரும் மகிழ்ந்தார். “பேசாத பிள்ளை யோசிக்கிற பிள்ளைம்மா. உள்ள சேர்த்துக்கிட்டு இருக்கா. ஒருநாள் கொட்டும் பாரு.”

அந்தச் சமயத்தில்தான் மரபுத்தொடர்ப் பாடம் வந்தது. ‘ஸ்காட் ஃப்ரீ’ என்று கரும்பலகையில் எழுதியதுமே தினேஷ் கையைத் தூக்கினான். “மிஸ், ஹூ இஸ் ஸ்காட்?” வகுப்பு சிரித்தது. யாரும் இல்லை, அது பழைய காலத்தில் ஆளுக்கொரு பங்காகக் கட்ட வேண்டிய வரிக்குப் பெயர் என்றேன். எல்லோரும் கட்டும்போது கட்டாமல் போனவன்தான் ஸ்காட் ஃப்ரீ. கல்யாணப் பந்தியில் மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுகிற மேசைப் பக்கமே வராமல் நழுவுகிறவர் எல்லா ஊரிலும் உண்டில்லையா, அவரை நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். புரிந்துகொண்டார்கள். பல பேருக்குச் சொந்தத்தில் ஒருவர் நினைவுக்கு வந்துவிட்டார் என்று முகத்தில் தெரிந்தது.

அதைப் பயன்படுத்துவதில் ஒரு நுட்பம் உண்டு. அதை நான் ஒவ்வொரு வருடமும் நிதானமாகச் சொல்வேன். இது தப்பு செய்தவரைப் பற்றிய தொடர். தப்பே செய்யாதவர் விடுதலை ஆனால் அதற்கு இதைப் பயன்படுத்தக்கூடாது. இதைச் சொல்கிறவர் மனதில் எப்போதும் ஒரு குறை இருக்கும்: இவன் பட்டிருக்க வேண்டும், படவில்லையே என்று. அதனால் பெரும்பாலும் அடுத்தவரைப் பற்றித்தான் சொல்வோம், நம்மைப் பற்றி நாமே சொல்வது அரிது.

ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னேன். திருடன், போலீஸ், திருடன், போலீஸ். தினேஷ் எழுந்து தன் வாக்கியத்தைப் படித்தான்: காவ்யா தினமும் ஸ்காட் ஃப்ரீயாகப் போகிறாள்.

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவனுக்கு அன்றைக்கு டோக்கன் கழுத்தில் இருந்தது. எரிச்சல். நான் அந்த வாக்கியத்தைப் பலகையில் எழுதி, அதன் மேல் ஒரு கோடு இழுத்தேன். காவ்யா எதிலிருந்தும் தப்பிக்கவில்லை, அவள் விதியைக் கடைப்பிடிக்கிறாள், அதனால் இந்த வாக்கியம் தவறு என்றேன். எல்லோரும் காவ்யாவைப் பார்த்தார்கள். அவள் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைய வகுப்பு நன்றாக அமைந்தது என்று எனக்குத் திருப்தி.

சில வாரம் கழித்து ஒரு மாலை. பிள்ளைகள் போய்விட்டார்கள், நான் கட்டுரை நோட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். செல்வராணி மில்லிலிருந்து அப்படியே ஓடிவந்திருந்தார், தலையெல்லாம் மாவு.

“எம் பொண்ணு வரல மிஸ். வேனு எங்க தெருவத் தாண்டிப் போனத பாத்தவங்க கீறாங்க. நிக்கவே இல்லியாம். எம் பொண்ணு எங்க மிஸ்?”

அலுவலகத்தில் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். இருந்தது ஒரே தொலைபேசி. அதில் மேடம் ஒவ்வொரு எண்ணாகப் போட்டு மெல்லிய குரலில் பேசிக்கொண்டேயிருந்தார். அந்தப் பாதையில் வழக்கமாக ஓட்டுகிறவர் விடுப்பு, ஏழுமலை என்ற புது ஓட்டுநர் போயிருக்கிறார், அவர் எண் யாரிடமும் இல்லை என்று தெரிந்தது. வேனின் டோக்கனை வைத்திருந்த பெரிய வகுப்புப் பெண்ணை அவள் அப்பா ஸ்கூட்டரில் அழைத்துவந்தார். காவ்யா கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தாள், அவளோடு இறங்கும் பக்கத்து வீட்டுப் பையன் அன்றைக்கு வரவில்லை, அவன்தான் தினமும் ‘ஸ்டாப்’ என்று கத்துவான் என்றாள். கையில் அந்த மஞ்சள் பலகை தொங்கிக்கொண்டிருந்தது.

செல்வராணி சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

இருட்டுவதற்கு முன்பே வேன் திரும்பி வந்தது. முன் சீட்டில் காவ்யா, மடியில் பாதி தின்ற பன். ஏழுமலை இறங்கிவந்து கைகூப்பினார்.

“மன்னிச்சிக்கோங்க மேடம். கோவிலம்பாக்கத்துல வண்டிய ஓரங்கட்டசொல்லோ பாத்தா, கடசி சீட்ல இந்தப் பொண்ணு உக்காந்துகினு கீது. எங்க எறங்கணும் பாப்பான்னேன். வாயத் தொறக்கல. கையால காட்டுன்னேன். அதுவும் இல்ல. பாவம், வாய் பேச வராத கொயந்தன்னு நெனச்சிக்கினு வூட்டுக்கு இட்டும்போயி எம் பொஞ்சாதிதான் டீ குடுத்துச்சி. பையில இருந்த டைரியப் பாத்து இங்க போன் போட்டா எங்கேஜ், எங்கேஜ், எங்கேஜ். சரின்னு வண்டிய எடுத்துகினு வந்துட்டேன்.”

செல்வராணி எழுந்துவிட்டார். “யாருக்கு வாய் பேச வராது? எம் பொண்ணுக்கா? மில்லுல மிஷினு ஓடசொல்லோ அதுக்கு மேல கேக்கும்யா அவ கொரலு!”

ஏழுமலை திகைத்துப்போய்க் காவ்யாவைப் பார்த்தார். கோபம் துளியும் இல்லை. “பேசுவியா பாப்பா? அப்ப ஏங்கிட்ட ஏன் பேசல? நான் இன்னா பண்ணேன்?”

அந்தக் கேள்வி இன்னும் எனக்குக் கேட்கிறது. அவர் என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. டீ கொடுத்தார்.

மேடம் அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் காவ்யாவை அறைக்குள் அழைத்தார். அம்மா, நான், அந்தப் பெரிய பெண், எல்லோரும் நின்றோம். மேடம் அவள் காலரைச் சரிசெய்தார். அன்பாகத்தான் கேட்டார், ஆங்கிலத்தில்: ஏன் டிரைவரிடம் சொல்லவில்லை, கண்ணா?

காவ்யா பேசவில்லை.

“மேடம் கேக்கறாங்கல்ல? சொல்லேன்டி! இங்கிலீஷ்லதான் சொல்லித் தொலையேன்!” செல்வராணி அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்.

அவள் கண் ஒரே இடத்தில் இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். பெரிய பெண்ணின் கையில். அந்தப் பலகையில்.

அந்த நிமிடத்தில் எனக்குத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அந்தப் பெண்ணிடமிருந்து டோக்கனை வாங்கி என் கழுத்தில் மாட்டிக்கொண்டு, காவ்யாவின் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்தேன்.

“காவ்யா, இதோ பாரு. நான் தமிழ்ல பேசிட்டேன். இது என்கிட்டதான் இருக்கும். யாருக்கும் மாத்த மாட்டேன். இப்ப சொல்லு. ஏன் நிறுத்தச் சொல்லல?”

அவள் மேடத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். குரல் வருவதற்கு நேரம் எடுத்தது. ரொம்ப நாள் திறக்காத கதவு மாதிரி ஒரு சத்தம் முதலில் வந்தது.

“ஸ்டாப்னு சொல்லலாம்னு பாத்தேன் மிஸ். சொன்னா எங்கன்னு கேப்பாரு. மாவு மில்லுக்குப் பின்னாடி சந்துன்னு சொல்லணும். மாவு மில்லுக்கு இங்கிலீஷ்ல என்னன்னு தெரியல. அத யோசிச்சிகினே இருந்தேன். அதுக்குள்ள எங்க மில்லு பின்னாடி பூட்ச்சி. அப்புறம் எல்லாரும் எறங்கிட்டாங்க. ஆனா கடசி ஆள் எறங்கற வரைக்கும் ரூலு இருக்குன்னு சொல்லியிருக்காங்க. நாந்தான மிஸ் கடசி ஆளு?”

மாவு மில்லுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்பது அந்த நேரத்தில் எனக்கே சட்டென்று வரவில்லை.

இங்கே முடிந்திருந்தால் நல்ல கதையாக இருந்திருக்கும். முடியவில்லை. செல்வராணி மகளின் முதுகில் ஒன்று வைத்து, அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு மேடமிடம் திரும்பினார். “தப்பு எம் பொண்ணு மேலதான் மேடம். நீங்க மன்சுல ஒண்ணும் வச்சிக்காதீங்க. பேர எடுத்துடாதீங்க மேடம்.” பயந்தது அவர். மன்னிப்புக் கேட்டதும் அவர். மேடம் தன் கைக்குட்டையை எடுத்து அவர் முகத்து மாவைத் துடைத்துவிட்டார்.

மறுநாள் ஏழுமலையை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்ததும் மேடமிடம் போனேன். “மேடம், அவர் மேல தப்பே இல்லை.”

“தெரியும்மா.” நாற்காலியைக் காட்டினார். “நிர்வாகம் ஒருத்தர் பேரைக் கேக்குது. யாரோ ஒருத்தர் பொறுப்பு ஏத்துக்கணும். நான் உன் பேரைச் சொல்லட்டுமா?”

அது மிரட்டல் இல்லை. அவர் உண்மையாகவே கேட்டார். நான் சரி என்றால் எழுதியிருப்பார், இல்லையென்றால் என்னைக் குறைவாக மதித்திருக்க மாட்டார். எனக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வேலையிலிருந்து விலக்கப்பட்ட பெண் என்று வீட்டில் எப்படிச் சொல்வது என்று ஒரு கணம் யோசித்தேன். அந்த ஒரு கணமே அவருக்குப் பதிலாகிவிட்டது. “போய் கிளாஸைப் பாரும்மா” என்றார்.

ஆனால் டோக்கன் இன்னும் என்னிடம் இருந்தது. விதிப்படி மேடை என்னுடையது. அன்று காலையே ஏறியிருக்க வேண்டும், ஏறவில்லை. அதையாவது செய்வது என்று முடிவெடுத்து, அன்றிரவு வீட்டில் அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கூடப் பார்த்து வைத்தேன். மறுநாள் காலைப் பிரார்த்தனைக்குப் படியேறும்போது மேடம் கையை நீட்டினார்.

“டீச்சருக்கெல்லாம் வேணாம்மா. பசங்க பயம் விட்டுப்போயிடும். குடு.”

கொடுத்துவிட்டேன். ஆறாம் வகுப்பு வரிசையிலிருந்து காவ்யா பார்த்துக்கொண்டிருந்தாள். நான் படியிலிருந்து இறங்கி ஆசிரியைகள் வரிசையில் என் இடத்தில் நின்றேன். அந்த வாரம் டோக்கன் மேசை இழுப்பறையில் இருந்தது. திங்கட்கிழமை திரும்ப வந்துவிட்டது. பெற்றோர்கள் கேட்கிறார்கள் என்றார் மேடம். அதுவும் உண்மைதான். கேட்டார்கள்.

காவ்யா அந்த வருடத்தை முடித்துவிட்டு அரசுப் பள்ளிக்குப் போனாள். சான்றிதழ் வாங்க வந்த செல்வராணி, “நம்ம எடம் அதுக்கு ஒத்துக்கல மிஸ்” என்றார், ஏதோ தண்ணீர் ஒத்துக்கொள்ளாததைச் சொல்வதுபோல.

அதற்குப் பிறகு நான் வேலையில் இருந்த வருடங்களில் ஒன்று மட்டும் செய்தேன். வகுப்புக்குள் நுழைந்ததும் டோக்கனை வாங்கிச் சாக்பீஸ் பெட்டியில் போட்டு மூடுவேன். என் பாடவேளை முடிந்ததும் திருப்பிக் கொடுப்பேன். பிள்ளைகள் அந்த நேரத்தில் தமிழும் ஆங்கிலமும் கலந்து கட்டிப் பேசுவார்கள். பெரிய காரியமா இது? திருப்பிக் கொடுக்காமலே இருந்திருக்கலாமே? மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இதை யோசித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் திறந்திருக்கிறேன்.

என் மகளுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. இன்னும் கோவையாகப் பேசவில்லை. சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும், கவலைப்படாதீர்கள் என்கிறார் டாக்டர். நான் கவலைப்படுகிறேன். “வீட்லயே இங்கிலீஷ்ல பேசிப் பழக்கினா எல்.கே.ஜி. இன்டர்வியூவுக்கு ஈசியா இருக்கும்ல? நீதான் டீச்சராச்சே” என்கிறார் கணவர். தப்பாக ஒன்றும் கேட்கவில்லை.

ஷர்மிளாவுக்கு அந்த மொய் உதாரணத்தைச் சொன்னேன். வகுப்பு நன்றாகப் போனதாம். இன்னொரு உதாரண வாக்கியம் என்னிடம் இருந்தது. அது ‘நான்’ என்று தொடங்கும். மாதிரி வகுப்புக்கு உதவாது.

அதே வாரம், மகளுக்குச் சத்துமாவு அரைக்க, வறுத்த தானிய டப்பாவையும் அவளையும் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். எங்கள் தெரு மில் மூடியிருந்தது. ஆட்டோக்காரர் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒன்று இருக்கிறது என்றார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தெரு முனையிலேயே அந்தக் குரல் கேட்டது. மிஷின் சத்தத்துக்கு மேலே.

“யக்கா, இன்னா அவசரம்? இப்பதான் மொளகா அரைச்சிகீறோம். அதுலயே உன் கேவுரப் போட்டா கூழு குடிக்கிற உன் மாமியாருக்குக் காதுல பொக வரும், பரவால்லியா? இரு, ரெண்டு புடி அரிசி போட்டு மிஷினக் கழுவி வுட்டுட்டு அரைக்கறேன்!”

“வந்தா வரட்டும்டி, போடு!” என்றாள் அந்த அக்கா. கூட்டம் சிரித்தது.

வளர்ந்திருந்தாள். தலையில் துண்டு, கையெல்லாம் மாவு. சிரித்துக்கொண்டே திரும்பியவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. துண்டை அவிழ்த்துவிட்டு நேராக நின்றாள்.

“குட் ஈவினிங், மிஸ்.”

“காவ்யா! எப்படிம்மா இருக்கே? அம்மா எப்படி இருக்காங்க?”

“ஃபைன், மிஸ். மதர் இஸ் அட் ஹோம், மிஸ்.”

“இப்ப என்ன படிக்கிற?”

“பி.காம்., மிஸ். செகண்ட் இயர், மிஸ்.”

நான் தமிழில் கேட்டுக்கொண்டேயிருந்தேன். அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டேயிருந்தாள். தவறில்லாத, சின்னச் சின்ன வாக்கியங்கள். கூட்டத்தில் இருந்தவர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். காவ்யா தானிய டப்பாவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். மிளகாய்க் காரம் ஏறி என் மகள் தும்மினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூக்கு சிவந்து அழத் தயாரானாள்.

காவ்யா குனிந்தாள். “அச்சச்சோ... காரம் ஏறிச்சா? மொளகா மாமா மூக்குக்குள்ள பூந்துட்டாரா? இரு, அவர வெரட்டலாம். ஊஃப்! போயிட்டாரு பாரு. உன் பேரு இன்னா?”

மகள் அழ மறந்து அவள் வாயையே பார்த்தாள். உதட்டைக் குவித்து “ஊஃப்” என்றாள். பிறகு “போ” என்றாள்.

காவ்யா நிமிர்ந்தாள். நான் அங்கே நிற்பது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

மகளை அங்கிருந்த திண்டின் மேல் உட்காரவைத்து அவள் கையில் என் விரலைக் கொடுத்துவிட்டு, நான் ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். போகிற பஸ்களைப் பார்ப்பதுபோல. கொஞ்ச நேரம் மிஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு அதற்கு மேலே அந்தக் குரல் மெல்ல ஏறியது. மாவு அரைத்து முடிகிறவரை நான் திரும்பவில்லை.